பந்துடையார்

மாலை ஐந்தரை மணிக்கு, மகாவலிப் பக்கத்துக் காற்றுச் சற்றே இளகிவரும் வேளையில், குண்டசாலைச் சீமெந்துத் தரையிலிருந்து 'டொக், டொக்' என்று ஒரே சீராக எழும் ஓசையைக் கேட்டு, அங்கே பத்துப்பேர் கூடைப்பந்து ஆடுகிறார்கள் என்று எவரேனும் நினைப்பாராயின், அது அவருடைய அறியாமையே. ஆடுபவர் ஒருவர், எதிர்ப்பவர் ஐவர், எஞ்சிய நால்வராகிய நாங்களோ கட்டணமின்றிக் கோட்டுக்கு உள்ளேயே நிற்க அனுமதிக்கப்பட்ட பார்வையாளர்.

அந்த ஒருவராகிய எங்கள் அண்ணன் வகிக்கும் பதவி 'பொயிண்ட் கார்ட்'. பந்தை முன்கொண்டுவந்து, தக்க தருணத்தில் தக்கவனிடம் சேர்ப்பிப்பதே அப்பதவியின் தர்மம். அண்ணன் அதன் முற்பாதியை மட்டும் மிகுந்த சிரத்தையோடு அனுஷ்டிப்பார். 1707 முதல் 1739 வரை அரசாண்ட நரேந்திரசிங்கன், கண்டியை விட்டு இவ்வூர் அரண்மனையிலே வாசஞ்செய்தமையால் 'குண்டசாலை மன்னன்' என்றே பெயர் பெற்றான். அம்மன்னனுக்கும் ராஜ்யபாரத்தைப் பகிர்ந்துகொள்ள அதிகார்கள் என்னும் அமைச்சர்கள் இருந்தார்கள்; அண்ணனோ பந்தை எவரோடும் பகிர்வதில்லை.

அவருடைய முத்திரைகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்வது பாவம். நடுக்கோட்டைத் தாண்டியதும் வலக்கை பந்தைத் தட்டிக்கொண்டிருக்க, இடக்கையை உயர்த்தி இரண்டு விரல்களைக் காட்டுவார். சில நாள் மூன்று. ஆட்டம் இறுகிவிட்டால் முஷ்டி. பரதம் பயின்றவரும் இனங்காணவொண்ணாத இம்முத்திரைகளின் தாற்பரியத்தை நாங்கள் ஆறு மாதமாக ஆராய்ந்து வருகிறோம். இரண்டென்றால் இடமூலைக்கு ஓடவேண்டும் என்று நான் ஒரு சித்தாந்தம் வகுத்தேன். அதே இரண்டுக்கு வலமூலை என்று எங்கள் நெட்டைத் தம்பி வேறொன்று வகுத்தான். ஒருநாள் இரு சித்தாந்தங்களும் கூடைக்கு நேர்கீழே நெற்றியோடு நெற்றி மோதிக்கொண்டன. நாங்கள் எழுந்து பார்த்தபோது அண்ணன் தாமே எறிந்து, தவறவிட்டு, எங்களை முறைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, ரெண்டுன்னா என்னாண்ணே?" என்று பணிவோடு விண்ணப்பித்தேன். "அதெல்லாம் ஆட்டத்தப் பாத்துப் புரிஞ்சிக்கணும் தம்பி" என்றார். புரிந்துகொண்டேன்: இரண்டு, மூன்று, முஷ்டி யாவற்றுக்கும் 'எறியப்போவது நான்' என்பதே பொருள்.

1891இல் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித், பந்தோடு ஓடலாகாது, பிடித்த இடத்திலிருந்தே எறியவேண்டும் என்றுதான் விதித்தார். தட்டிக்கொண்டே போகும் வித்தை பிற்பாடு முளைத்தது. பந்தைப் பதுக்கிவைக்கும் கலை முற்றி, 1950இல் ஒரு தொழில்முறை ஆட்டம் 19க்கு 18 என்ற அவலமான கணக்கில் முடிந்தது. 1954இல் 24 செக்கனுக்குள் எறிந்தாகவேண்டும் என்று சட்டம் செய்தார்கள். எங்கள் மைதானத்தில் அந்த மணிக்கூடு கிடையாது. ஒரு தடவை பந்து அண்ணன் வசமிருந்தபோது, திகணைக்குப் போகும் பஸ்கள் இரண்டு கடந்துபோனதை நானே எண்ணினேன். வலைப்பந்து ஆடும் என் மருமகளோ, "எங்களுக்கு மூணு செக்கன்தான் மாமா" என்கிறாள். பாக்கியவதி.

அண்ணனுக்கு ஆதர்சம் அமெரிக்க ஆட்டக்காரர் ஜேம்ஸ் ஹார்டன். ஹூஸ்டன் அணிக்காக 2018-19 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 36.1 புள்ளி குவித்த அம்மகானிடமிருந்து எங்கள் ஊருக்கு இறக்குமதியானது தாடி மட்டுமே. அவ்வளவு குவித்தும் ஹூஸ்டனில் அவருக்கு மகுடம் வாய்க்கவில்லை என்று எடுத்துரைத்தால், "கூட ஆடினவங்க சரியில்ல" என்பார் அண்ணன்.

இங்கேதான் அவருடைய தர்க்கம் ஆச்சரியகரமானது. எதிரணி அவர்மேல் இருவரை ஏவும். மற்ற மூவர் கூடையடியில் காவல் நிற்பர். நாங்கள் நால்வரும் கேட்பாரற்றுக் கைகளை உயர்த்தி, அவை மரத்துப்போக நிற்போம். வழிகளெல்லாம் அடைபட்ட பின்னர், வெடிக்கப்போகும் சீனவெடியை ஒப்படைப்பவர்போலப் பந்தை எவன் மீதாவது எறிவார். அரைமணி நேரம் பந்தைத் தீண்டாத அவன் தவறவிடுவான். "பாத்தியா? இதுக்குத்தான் நான் குடுக்கிறதில்ல!"

நியாயம் தவறலாகாது. ஒரு ஞாயிறு அவர் காய்ச்சலாய்ப் படுத்திருந்தார். ஆளுக்காள் கொடுத்து வாங்கி ஆனந்தமாக ஆடுவோம் என்றிருந்த நாங்கள், எதிரிகள் நெருக்கியதும் பந்தை நடுக்கோடு தாண்டச் செய்யவே இயலாமல் திக்குமுக்காடி, அவ்வாண்டிலேயே மிகப் பெரிய தோல்வியைத் தழுவினோம். ஆட்டம் முடிந்ததும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போனோம். போர்வைக்குள்ளிருந்து இரண்டு விரல்களைக் காட்டினார். உள்ளபடியே கண் கலங்கிற்று.

ஆயினும் என் முழங்கால் அண்ணனுடைய சொத்தல்ல. சென்ற மாதம் நான்கு ஞாயிறும் சேர்த்து என் கைக்கு வந்த பந்துகள் ஏழு. அவற்றுள் மூன்று, கோட்டுக்கு வெளியே உருண்டவற்றை நானே ஓடிப் பொறுக்கி வந்தவை. வெறுமனே ஓடுவதற்கு மைதானம் எதற்கு? ரோட்டிலேயே ஓடலாம்.

ஆகையால் வாசகர்களே, ஞாயிறு மாலை குண்டசாலை வழியே பஸ்ஸில் போக நேர்ந்தால், இடமூலையில் கையுயர்த்தி நிற்கிறவனுக்கு ஒரு பந்து கொடுக்கும்படி சன்னலால் எட்டி உரக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் சொன்னால் அவர் கேட்பதில்லை.