திரையில் வரும் டாக்டர்

கேள்வி: வீடியோவில் வைத்தியம் பார்க்கும் டாக்டர் நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும்?

பதில்: கேமராவைப் பார்த்து! திரையைப் பார்த்துப் பேசினால், எதிரே இருப்பவருக்கு டாக்டர் தன் மோவாயிடம் பேசுவதுபோல் இருக்கும். குறிப்பெடுக்கக் குனிந்தால், "எழுதிக்கிறேம்மா, நீங்க சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது உத்தமம். இல்லாவிட்டால், 'இவரு வாட்ஸ்அப் பாக்குறாரு' என்று எதிரே இருக்கும் பாட்டி தீர்ப்பே எழுதிவிடுவார்.

2020 மார்ச்சில் வந்த இந்திய தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, பேச்சைத் தொடங்கும்போதே டாக்டர் தன் பெயரையும் தகுதியையும் சொல்ல வேண்டும். நல்ல விதி. லைன் அறுந்தால் கூப்பிட ஒரு நம்பரையும் அப்போதே வாங்கிக்கொள்ளலாம்.

பெரிய சிக்கல் பாட்டியின் பேரன்தான். போனைப் பிடித்திருப்பவர் அவர், பதிலும் அவரே சொல்வார். அவரைப் பகைக்காமல் வேலை வாங்க வேண்டும்: "தம்பி, போனை வீங்கின காலுக்கு நேரா காட்டுங்க. பாட்டி, கணுக்காலுக்கு மேல கட்டைவிரலால கொஞ்ச நேரம் அழுத்துங்க. எடுத்தா குழி விழுதா?" தொட முடியாத டாக்டருக்கு அந்தக் கட்டைவிரல்தான் கை.

முடிக்கும்முன் "புரிஞ்சுதா?" என்று கேட்கவே கூடாது, எல்லோரும் தலையாட்டுவார்கள். "இந்த மாத்திரையை எப்ப, எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டால் உண்மை தெரியும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று காதில் விழுந்தால் மட்டும் இத்தனையும் வேண்டாம். "108-ஐக் கூப்பிடுங்க" என்பதுதான் முதல் வார்த்தை.