கொஞ்சம் கையைக் காட்டுங்க

அருவங்காட்டில் அவருக்குக் கை கொடுத்தால் அந்தக் கை திரும்பி வர நேரமாகும். இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்லிவிட்டு நகர்வதுதான் உத்தமம். அப்போதும் ஸ்வெட்டர் கை மேலேறி மணிக்கட்டு தெரிந்துவிட்டால் தொலைந்தோம். "சௌக்கியமா சார்?" என்று கேட்பார். கண் மட்டும் நம் இடது மணிக்கட்டில் இருக்கும். சௌக்கியம் விசாரித்தது கடிகாரத்தை.

பிடித்த கையை முதலில் திருப்புவார். பிறகு வெளிச்சம் இருக்கிற பக்கமாக இழுத்துக்கொண்டு போவார். கை போகிற பக்கம் நாமும் போக வேண்டியதுதான். சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புக் குழல் லென்ஸ் வெளியே வரும். அதைக் கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மூச்சு கண்ணாடியில் படாதபடி வாயை ஒரு ஓரமாகக் கோணிக்கொண்டு "ம்" என்பார். அந்த 'ம்'மில் ரகம் உண்டு. நல்ல கடிகாரத்துக்கு நீளமான 'ம்'. பேட்டரிக் கடிகாரத்துக்குக் கட்டையான 'ம்'. கையில் கடிகாரமே இல்லாமல் செல்போனில் மணி பார்க்கிறவனுக்கு 'ம்' கூடக் கிடையாது. அவன் வீட்டில் ஏதோ கஷ்டம் என்பதுபோல ஒரு பார்வை.

'ம்' முடிந்ததும் நம் கையைத் தூக்கித் தன் காதில் வைத்துக்கொள்வார். பேக்கரி வாசலில் ஊரே டீயும் வர்க்கியுமாக நின்று பார்க்க, ரிட்டயர் ஆன ஒரு பெரிய மனிதர் நம் மணிக்கட்டைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பழைய எச்எம்டி சாவி வாட்ச் நொடிக்கு 5 தடவை அடிக்கும்; சீக்கோவின் என்எச் 35 மெஷின் 6; ரோலக்ஸ் 8; பேட்டரி போட்டது நொடிக்கு ஒன்று. மணிக்கு 18,000, 21,600, 28,800 என்று பெருக்கிச் சொல்வார். கணக்கென்னவோ சரிதான். ஆறுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம், மலைக்காற்றில் பாதி அடைத்துக்கொண்ட காதுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்ட ஒருவரின் காதைப் பிடித்துப் பாடம் எடுத்திருக்கிறார்.

இடம், பொருள், ஏவல் எதுவும் கிடையாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கையில் ராடோ. மணப்பெண் பிடிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தவர் இவர்தான். "மாமனார் போட்டதா? பில்லு வாங்கி வெச்சுக்குங்க தம்பி" என்று ஆசீர்வதித்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். துக்க வீட்டுக்குப் போனால் மாலையைப் போட்டுவிட்டு மூத்த மகனை ஓரமாகக் கூப்பிட்டு, "அப்பா கையில இருந்த ஃபாவ்ரே லூபாவக் கழட்டி வெச்சிட்டீங்களா?" என்பார். கூட்டத்தில் களவு போய்விடக் கூடாதே என்று பெரியவருக்கு எவ்வளவு அக்கறை என அந்த வீட்டார் உருகிப்போவார்கள். நெஞ்சு வலி என்று குன்னூரில் டாக்டரிடம் காட்டப் போனபோது, நாடி பார்க்க டாக்டர் இவர் கையைப் பிடித்தார். இவர் டாக்டர் கையைப் பிடித்தார். யார் யாரைச் சோதிக்கிறார்கள் என்று நர்ஸுக்குப் புரியவில்லை.

2022 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசியலே ஒரு அரசியல் தலைவர் கட்டியிருந்த கைக்கடிகாரத்தின் பில்லைத் தேடி அலைந்ததே, அதுதான் அவருடைய பொற்காலம். ரஃபேல் விமானத்தின் பெயரில் 500 மட்டும் செய்த பெல் அண்ட் ராஸ் கடிகாரம் அது. கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அவரிடம் வந்து விளக்கம் கேட்டார்கள். பில் உண்டா, யார் கொடுத்தது என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. "சதுரக் கேஸுக்குள்ள வட்ட டயல் சார், விமானத்துல இருக்கிற மீட்டர் மாதிரி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இளமையிலேயே இப்படி இல்லை என்பார்கள் கூட வேலை பார்த்தவர்கள். கார்டைட் ஃபேக்டரியில் சர்வீஸ் முழுக்க ஒழுங்காக ஷிப்ட் பார்த்த மனிதர். உள்ளே போகும்போது வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுப் போன வருஷங்களுக்கெல்லாம் இப்போது வட்டி போட்டு வசூல் பண்ணுகிறேன் என்று அவரே ஒரு காரணம் வைத்திருக்கிறார். பி.எஃப். பணத்தில் எவ்வளவு இதில் போனது என்பது அவர் மனைவிக்குத் தெரியாது. தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

சேகரிப்பு மூன்று அடுக்கு. ஓசூர் டைட்டன் எந்த அடுக்கிலும் சேராது. "1984லயே டாட்டாவும் டிட்கோவும் சேந்து ஆரம்பிச்சது, நம்ம ஊரு கம்பெனிதான். ஆனா பேட்டரியப் போட்டுக் கெடுத்துட்டாங்க" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அவர் மனைவி கையில் இருப்பது டைட்டன். வீட்டிலேயே சரியான மணி காட்டுவது அது ஒன்றுதான்.

முதல் அடுக்கு, அசல். ஸ்விஸ் அசல் ஒன்றோ இரண்டோ இருக்கலாம், யாரும் பார்த்ததில்லை. இரண்டாவது அடுக்கு எச்எம்டி: ஜனதா, பைலட், கோஹினூர், காஞ்சன். 1961இல் ஜப்பான் சிட்டிசனோடு கைகோத்துப் பெங்களூரில் தொடங்கிய அந்தக் கடிகாரத் தொழிலை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சேதி வந்த அன்று அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று சொன்னால் மிகை. இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார் என்பது நிஜம். மூன்றாவது அடுக்குதான் பேசத்தக்கது: டூப்ளிகேட்.

டூப்ளிகேட் என்ற சொல்லை அவர் முன்னால் சொல்லக் கூடாது. ஃபர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பி, செவன் ஏ, சூப்பர் க்ளோன் என்று அதில் நாலு வருணம் இருக்கிறது. பர்மா பஜார் பிளாட்பாரத்தில் வாங்கியதைச் சூப்பர் க்ளோன் பக்கத்தில் வைத்தால் தீட்டு. "இதெல்லாம் போட்டுக்க இல்ல சார், ஸ்டடி பண்ண வாங்கினது" என்பார். ரோலக்ஸில் தேதியின் மேல் ஒட்டியிருக்கும் குமிழ்க்கண்ணாடி தேதியை இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்ட வேண்டும். மட்டமான காப்பியில் தேதி சூம்பிப்போய்த் தெரியும். இதைக் கண்டுபிடித்துச் சொல்வதில் அவருக்கு உள்ள ஆனந்தம் இருக்கிறதே! துபாயிலிருந்து வந்த மைத்துனன் ஆசையாகக் கட்டி வந்ததை, வீட்டு வாசலிலேயே, அவன் சூட்கேஸைக் கீழே வைப்பதற்குள் "இது காப்பிப்பா" என்று சொன்னவர். சட்டமும் தெரியும். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி போலி முத்திரை போட்டு விற்றால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை உள்ளே போக வேண்டியிருக்கும். அதை அவர் ஒரே வரியில் சொல்வார்: "டயல்ல அந்தக் கிரீடத்த ஒட்டாம விட்டா ஹோமேஜ், ஒட்டினா ஜெயில்."

கட்டுகிற கடிகாரத்துக்கும் இருக்கிற ஊருக்கும் சம்பந்தம் வேண்டாமா? கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,800 மீட்டர் மேலே உட்கார்ந்துகொண்டு, கடலுக்கடியில் 200 மீட்டர் போனாலும் தண்ணீர் புகாத டைவர்ஸ் வாட்ச். கடலுக்குத் தாங்கும் அந்தக் கடிகாரத்துக்குள் நம் ஊர் மஞ்சு மட்டும் எப்படியோ புகுந்துவிடும். இவர்தான் திறந்து திறந்து மூடுகிறாரே, வாஷர் என்ன பண்ணும்! கண்ணாடிக்குள் ஆவி படிந்ததும் நேராக அரிசி டின்னுக்குள் போய்விடும். ஒருநாள் குக்கரில் போட இருந்த அரிசியிலிருந்து ஒரு சப்மரைனர் காப்பியும் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலமும் வெளியே வந்தன. இன்னொரு கடிகாரத்தில் வேகம் அளக்கும் கோடுகள். டயல் ஓரத்தில் 500இல் ஆரம்பித்து 60இல் முடியும். ஒரு கிலோமீட்டரைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று முள்ளே சொல்லிவிடும். கார் ரேஸுக்கு ஏற்பட்டது. இவர் அதைக் கட்டிக்கொண்டு மலை ரயிலில் ஏறினார். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் அந்த ரயிலின் உச்ச வேகமே 30. கேத்தி வருவதற்குள் நொடி முள் சுற்றிக்கொண்டே இருந்தது. ரயில் டயலுக்குள் வரவேயில்லை. "ரயில் சரியில்ல" என்று இறங்கிவிட்டார்.

இதெல்லாம் சின்ன விஷயம். அவருடைய உயிர் இருப்பது 'மாடிஃபை' பண்ணுவதில். மெஷின் தனியாக, பெயர் அச்சிடாத டயல் தனியாக, முட்கள் தனியாக, சஃபையர் கண்ணாடி தனியாகக் கூரியரில் வரும். ராத்திரி வீடு அடங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்காருவார். நீலகிரி வீட்டில் மின்விசிறி கிடையாது என்பது இந்தத் தொழிலுக்கு ஒரு வசதி. ஆனால் ஸ்வெட்டர் போட முடியாது. கம்பளியிலிருந்து ஒரே ஒரு நூல் டயலில் விழுந்தாலும், கண்ணாடியை மூடிய பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். ஆகவே ஜனவரி உறைபனியிலும் வெறும் பனியனோடு, பல் கிட்டிக்க உட்கார்ந்திருப்பார். மணி முள் இறங்கும், நிமிட முள் இறங்கும். கடைசியில் நொடி முள். அது உட்கார வேண்டிய அச்சு 0.2 மில்லிமீட்டர். குளிரில் கை நடுங்கும். ட்வீசர் முனையிலிருந்து முள் பறந்துவிடும். எங்கே போச்சு என்று யாருக்கும் தெரியாது. விடிகாலையில் பால்காரர் வந்து பார்க்கும்போது அந்த வீட்டில் பெரியவர், அவர் மனைவி, லீவுக்கு வந்த பேரன் எல்லோரும் செல்போன் டார்ச்சோடு தரையில் தவழ்ந்துகொண்டிருப்பார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, கை சுத்தமான கை. குன்னூரிலேயே பழைய வாட்ச் ரிப்பேருக்கு ஆள் அருகிவிட்ட காலம் இது. எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா, செத்துப்போன வீட்டுக்காரரின் கடிகாரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். ஓடி எத்தனையோ வருஷமான மெஷின். பெரியவர் அதைப் பிரித்துக் கழுவி, எண்ணெய் போட்டு, ஓடவைத்துக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கவில்லை. அந்த அம்மாவும் அதைக் காதில் வைத்துத்தான் கேட்டார். பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தால் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் இலவச பேட்டரி, அதுவும் பேட்டரியைத் திட்டிக்கொண்டே. நீட் பரீட்சைக்குக் கடிகாரமே கட்டக் கூடாது என்று தெரிந்த அன்று, அந்தப் பரீட்சையை எதிர்க்கத் தனக்கென்று ஒரு சொந்தக் காரணம் கிடைத்துவிட்ட திருப்தி அவருக்கு.

இந்த நல்ல மனிதரிடம்தான் என் அப்பாவின் எச்எம்டி ஜனதாவைக் கொடுத்தேன். ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்தான், ஒரு நாளைக்கு நாலைந்து நிமிஷம் பிந்தும், அவ்வளவுதான். "எண்ணெய் காஞ்சிருக்கும் சார், குடுங்க, பாத்துட்டுத் தரேன்" என்றார். வெள்ளை டயல் மஞ்சள் பூத்து, ஆறு மணிக்குக் கீழே காப்பிக்கறை மாதிரி ஒரு படலம். பன்னிரண்டுக்குப் பக்கத்தில் நெளிந்த ஒரு கீறல். அந்தக் கீறலைப் பார்த்துத்தான் எனக்கு மணி பார்க்கவே சொல்லிக் கொடுத்தார் அப்பா: "பெரிய முள்ளு கோட்டுக்கு வந்தா மணி ஆயிடுச்சு."

திரும்பி வந்தபோது பளபளவென்று கறுப்பு டயல், ஆரஞ்சு நொடி முள், சிப்பாய் கட்டுகிற மாதிரி பச்சை நைலான் பட்டை. எச்எம்டி என்று இந்தியில் புத்தம்புதிதாக அச்சடித்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, திறந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "லேபர் வேணாம் சார். பட்டைக்கு மட்டும் 450 குடுங்க" என்றார்.

கொடுத்தேன். இந்த வகை மனிதர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான், இதில் சிரிக்க எதுவும் இல்லை. எண்ணெய் போடு என்று கொடுத்தால் எண்ணெய் போட வேண்டும். மற்றதை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் என்ன? பக்கத்துத் தெருதான், போனும் இருக்கிறது. ஊரில் இருக்கிற கடிகாரத்திலெல்லாம் எது அசல் எது காப்பி என்று கண்ணை இடுக்கிப் பார்க்கிறவருக்கு, அந்தப் படலமும் கீறலும் சேர்ந்ததுதான் என் அசல் என்று தெரியாதா? இப்போது என் கையில் இருப்பது அப்பாவின் கடிகாரத்துக்கு ஃபர்ஸ்ட் காப்பி. மெஷின் மட்டும் அப்பாவுடையது.

மனசு கேட்காமல் மறுவாரம் போய், அந்தப் பழைய டயலையாவது கொடுங்கள், பெட்டியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அதுவா? கோத்தகிரியில ஒருத்தர் நாலு மாசமா அலைஞ்சிட்டிருந்தார் சார், அவருக்குக் குடுத்துட்டேன்" என்றார், என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டே. "கை வெக்காத ஒரிஜினல் டயலு. இப்பல்லாம் எங்க சார் கிடைக்குது?"