புள்ளிக் குதிரையோடு குடும்பச் சுற்றுலா போவது எப்படி?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், கோதுமையும் பருப்பும் விளையும் பலூஸ் மேடுகளுக்கு நடுவே, கொல்லையில் நாலைந்து அப்பலூசாக் குதிரைகளைக் கட்டிப்போட்டிருக்கும் குடும்பங்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மற்றவர்கள் படிக்கத் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி வரை போர்வைக்குள் கிடப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது அவர்களுக்கு இன்னும் தெளிவாக விளங்கும்.

முதல் வேலை, குதிரை வாங்குவது. அப்பலூசாவை எட்ட நின்றே அடையாளம் கண்டுவிடலாம் என்று விற்பவர் சொல்வார். வெள்ளை உடம்பில் கரும்புள்ளிகள் இறைந்து கிடந்தால் அது லெப்பர்டு. பிட்டத்தின் மேல் மட்டும் வெள்ளை படர்ந்திருந்தால் பிளாங்கெட். கரிய உடம்பில் வெள்ளைத் துளிகள் என்றால் ஸ்னோஃபிளேக். இதில் எதுவுமே இல்லாமல் முழுக்க ஒரே நிறத்திலும் அப்பலூசா பிறக்கும் என்பதை மட்டும் பணம் கைமாறிய பிறகுதான் சொல்வார். அப்போது நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று: மூக்கைச் சுற்றியும் வாலுக்கடியிலும் தோல் திட்டுத்திட்டாக இருக்கிறதா, குளம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடுகின்றனவா, கருவிழியைச் சுற்றி வெள்ளை தெரிகிறதா. வாலுக்கடியில் பார்க்கும் முன் பின்னங்கால்கள் எங்கே இருக்கின்றன என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைவிழி தெரிவதால் குதிரை எந்நேரமும் உங்களை முறைப்பதாகத் தோன்றும். பெரும்பாலும் அது சரிதான்.

அடுத்தது பதிவு. அப்பலூசா ஹார்ஸ் கிளப் 1938இல் ஆரம்பித்தது, தலைமையகம் மாஸ்கோ. பயப்பட வேண்டாம், இது ஐடஹோவிலேயே இருக்கும் மாஸ்கோ. நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். குட்டியாக இருக்கும்போது எடுத்த படத்தில் சாக்லேட் நிறத்தில் இருந்தது பத்து வயதில் ஏறக்குறைய வெளுத்துப்போய் நிற்கும். வயது ஏற ஏற உடம்பு நரைப்பது இந்த இனத்தில் சகஜம். பதிவுத்தாளில் இருக்கும் படத்துக்கும் குதிரைக்கும், ஆதார் அட்டைப் படத்துக்கும் நமக்கும் உள்ள உறவுதான்.

செலவைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. குதிரை ஒரு நாளைக்குச் சுமார் பத்து கிலோ புல் தின்னும், இருபதிலிருந்து நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும், இருபது கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு செதுக்கி லாடம் அடிக்கும் ஆள் வருவார். அவருடைய கார் உங்களுடையதைவிடப் புதியதாக இருப்பதை வைத்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி சுற்றுலா நாள். சுற்றுலாவின் மிக நீளமான பகுதி டிரெய்லரின் வாசலுக்கு முன்னால் உள்ள பத்தடி தூரம். மலைப்பாதையில் குதிரை மணிக்கு ஆறு கிலோமீட்டர் நடக்கும். இந்தப் பத்தடியை நடக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். குடும்பத்தலைவர் முன்னால் நின்று கயிற்றை இழுக்க வேண்டும். குதிரையின் எடை ஐந்நூறு கிலோ, அவருடையது எண்பது என்பதை அவர் மறந்துவிடுவது முக்கியம். பக்கத்துப் பண்ணைக்காரர் வேலி ஓரமாக வந்து நின்று, பின்பக்கமாகத் தள்ளினால் ஏறும் என்பார். அவர் மனைவி, கண்ணைக் கட்டினால் ஏறும் என்பார். மகள்தான் விஷயத்தைச் சொல்வாள்: "அப்பா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்களேன். உங்களைப் பார்த்துத்தான் அது மிரளுது." கடைசியில் பாட்டி ஒரு வாளி ஓட்ஸை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்குள் நடந்து போவாள், குதிரை பின்னாலேயே போய்விடும். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று யாரும் கேட்கக் கூடாது. பாட்டிக்கு முதலில் ஒரு காபி தேவைப்பட்டது.

வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும்? தேசிய வனப்பகுதிக்குள் போவதாக இருந்தால் களைவிதை இல்லை என்று சான்று பெற்ற காய்ந்த புல். சாதாரணப் புல்லைக் கொண்டு போனால் அதிலிருக்கும் விதை குதிரையின் வயிற்றைத் தாண்டி மலையில் முளைத்துவிடும் என்று வனத்துறை அஞ்சுகிறது, நியாயமான அச்சம்தான். மாநில எல்லை தாண்டினால் கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்நலச் சான்றிதழ், பல இடங்களில் காகின்ஸ் ரத்தப் பரிசோதனைத் தாள். வெயில் களிம்பு இரண்டு குப்பி: ஒன்று குடும்பத்துக்கு, மற்றொன்று குதிரையின் மூக்குக்கு. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இளஞ்சிவப்புத் தோல் உள்ள மூக்கு வெயிலில் வெந்துபோகும். ஈ மொய்க்காமலும் வெயில் படாமலும் கண்ணுக்குப் போடும் வலை முகமூடியையும் மறக்காதீர்கள். யூவியைட்டிஸ் என்ற கண் அழற்சி மற்ற குதிரைகளைவிட அப்பலூசாவுக்கு வரும் வாய்ப்பு 8 மடங்கு அதிகம் என்கிறார்கள் மருத்துவர்கள். ஆக, பிள்ளைகள் களிம்பு வேண்டாமென்று ஓடும் அதே நேரத்தில் குதிரையும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். யாரை முதலில் பிடிப்பது என்பது உங்கள் விருப்பம்.

சேணத்தின் வாரை இறுக்கும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். இறுக்கிவிட்டோம் என்ற திருப்தியில் நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு மெதுவாக மூச்சை விடும். முதல் சரிவில் சேணம் ஒரு பக்கமாகச் சுற்றிக்கொள்ள, நீங்கள் மலைக்காட்சியைப் பக்கவாட்டில் ரசிப்பீர்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று நம்மூரில் சொல்வார்கள். அப்பலூசா குழியெல்லாம் பறிக்காது, அந்த இடைவெளியில் புல் மேயும். ஏறுமுன் பத்தடி நடத்தி, மறுபடி இறுக்கினால் இந்தக் காட்சி கிடைக்காது.

பாதையில் போகும்போது குதிரையை மிரட்டுபவை எவை என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. கரடியைச் சில குதிரைகள் பொருட்படுத்துவதே இல்லை. மரக்கிளையில் சிக்கிய பிளாஸ்டிக் பையை எல்லாமே பொருட்படுத்தும். காலடியிலிருந்து படபடவென்று எழும்பும் காட்டுக்கோழி, சத்தமில்லாமல் இறங்கி வரும் சைக்கிள், முதுகில் பெரிய பையோடு நடந்து வரும் மனிதன் ஆகியவை இரண்டாம் நிலை ஆபத்துகள். நடந்து வருபவரைப் பாதையின் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நின்று ஏதாவது பேசச் சொல்லுங்கள். குரல் கேட்டால் அது மனிதன்தான் என்று குதிரைக்குப் புரிந்துவிடும். உச்சக்கட்ட ஆபத்து லாமா. ஆரிகனின் வல்லோவா மலைப்பக்கம் சுமைதூக்க லாமாக்களைக் கூட்டிவருபவர்கள் உண்டு. நீண்ட கழுத்தும் கம்பளி உடம்புமாக எதிரே வந்து நிற்கும் அந்தப் பிராணியை முதன்முதலாகப் பார்க்கும் குதிரை, தன் வாழ்நாளில் கற்ற அனைத்தையும் அந்த நொடியே மறந்துவிட்டு வீட்டுத் திசையில் திரும்பும். நீங்கள் மேலே இருப்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்பார்கள். நிஜக் குதிரையை நம்பியும் இறங்க முடியாது, அது இறங்கினால்தானே! நேற்றுப் பெய்த மழையில் பாதை நடுவே தேங்கிய நாலு அங்குலத் தண்ணீரை உங்கள் குதிரை கழுத்தை நீட்டி முகரும், பின்வாங்கும், சுற்றி வரும். பிறகு நின்ற இடத்திலிருந்து மூன்று மீட்டர் தாவும். சின்னவன் கைதட்டுவான். பாட்டி குதிரையின் பிடரியைப் பிடித்துக்கொண்டு வேறு எதையோ சொல்வாள்.

இந்த இடத்தில் குதிரையிடம் வரலாறு பேசிப் பார்க்கலாம். இதன் முன்னோரை வளர்த்த நெஸ் பெர்ஸ் பூர்வகுடி மக்களில் தலைவர் ஜோசப்பின் கூட்டம் வல்லோவா பள்ளத்தாக்கில் இருந்தது. 1877 மே மாதம் அமெரிக்கப் படையின் ஜெனரல் ஹோவர்ட் முப்பது நாள் கெடு கொடுத்து, ஊரைக் காலி செய்துவிட்டு லாப்வாய் ஒதுக்கிடத்துக்குப் போகச் சொன்னார். பனி உருகி ஸ்னேக் ஆறு கரைபுரண்டு ஓடிய நேரம் அது. தோலால் கட்டிய தெப்பங்களில் குழந்தைகளையும் கிழவிகளையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றி, நீந்தும் குதிரைகளை வைத்து இழுக்கச் செய்து அக்கரை சேர்ந்தார்கள். ஆற்றோடு போன கால்நடைகள் நிறைய. மனிதர்கள் எல்லோரும் கரையேறினார்கள். சில நாட்களிலேயே போர் மூண்டது. ஏறத்தாழ 750 பேர், 2,000க்கும் அதிகமான குதிரைகள், சமையல் பாத்திரம், கைக்குழந்தை எல்லாவற்றோடும் படைக்கு முன்னால் ஓடினார்கள். அக்டோபர் 5ஆம் தேதி மொன்டானாவின் பேர் பா மலையருகே ஜோசப் சரணடைந்தபோது கனடா எல்லை இன்னும் அறுபத்தைந்து கிலோமீட்டர்தான். வந்திருந்த தூரம் 1,170 மைல். அந்தக் குதிரைகளில் புள்ளி போட்டவையும் இருந்தன. மிஞ்சியவற்றை ராணுவம் பறித்துக்கொண்டது. இதையெல்லாம் நீங்கள் சொல்லி முடிக்கும்வரை குதிரை தண்ணீருக்கு இந்தப் பக்கமே நின்று கேட்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு இறங்கினால் குதிரையை ஒற்றை மரத்தில் கட்டாதீர்கள். சலிப்பில் வேரைச் சுற்றிக் குழி பறித்துவிடும் (மேலே சொன்ன பழமொழி இங்கே பொருந்துகிறது). இரண்டு மரங்களுக்கு அகலமான பட்டைகளைச் சுற்றி, நடுவே தலைக்கு மேல் உயரத்தில் கயிறு இழுத்து, அதில் கட்ட வேண்டும். ஓடைக்கு இருநூறு அடி தள்ளி. கிளம்பும்போது சாணத்தைக் காலால் எற்றிச் சிதறடிக்க வேண்டும். இந்த வேலைக்கு மூத்த பிள்ளையை நியமிப்பது மரபு. அவன் மறுத்தால், அடுத்த வாரம் நண்பர்களோடு சினிமாவுக்குப் போவதைப் பற்றி மெதுவாக ஞாபகப்படுத்துங்கள்.

சுற்றுலா இன்னும் மோசமாகப் போயிருக்கலாம் என்று குடும்பத்துக்கு ஆறுதல் சொல்ல ஒரு கதை கைவசம் இருக்கட்டும். யெல்லோஸ்டோன் 1872இலேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டது. 1877 ஆகஸ்டில் ஜார்ஜ் கோவன், எம்மா கோவன் தம்பதி உறவினர்களோடும் நண்பர்களோடும் அங்கே கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் நேரத்தில், படைக்குத் தப்பி அதே பூங்கா வழியாகப் போய்க்கொண்டிருந்த நெஸ் பெர்ஸ் கூட்டத்திடம் சிக்கிக்கொண்டார்கள். ஜார்ஜைச் சுட்டார்கள், செத்துவிட்டார் என்று விட்டுப்போனார்கள். எம்மாவையும் அவள் சகோதரனையும் தங்கையையும் பின்னர் போகவிட்டார்கள். ஜார்ஜ் தவழ்ந்து தவழ்ந்து பிழைத்து வந்து சேர்ந்தார். அந்தக் காட்டில் அன்று இரண்டு குடும்பப் பயணங்கள் நடந்தன. ஒன்று பொழுதுபோக்கு. மற்றதில் வந்தவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. கதை சொல்பவர்கள் பெரும்பாலும் முதல் குடும்பத்தைப் பற்றியே சொல்கிறார்கள். நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் சொல்லுங்கள்.

இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது உத்தமம். புள்ளிகளைத் தரும் மரபணு தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்த குதிரைக்கு, அதாவது உடம்பில் புள்ளியே அதிகமில்லாமல் வெள்ளையாகத் தெரியும் குதிரைக்கு, பிறவியிலேயே இரவில் கண் தெரியாது. பகலில் ஒரு குறையும் இல்லை. ஆகவே "குதிரைக்கு வழி தெரியும், லகானை விட்டுவிடு" என்ற பழைய அறிவுரையைப் பின்பற்றும் முன், எந்தக் குதிரையின் லகானை விடுகிறீர்கள் என்று பாருங்கள். பாட்டிக்கும் கண்புரை. அந்த இருவரையும் ஜோடி சேர்க்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை அடங்காத குடும்பங்களுக்கு ஜோசப் நினைவுப் பயணம் இருக்கிறது. 1965 முதல் கிளப் நடத்துகிறது. ஆரிகனின் வல்லோவா ஏரியில் தொடங்கி, பேர் பா போர்க்களம் வரை 1877இல் நெஸ் பெர்ஸ் மக்கள் போன தடத்தைப் பின்பற்றி, ஒவ்வொரு கோடையிலும் சுமார் நூறு மைல். முழுதும் முடிக்கப் பதின்மூன்று கோடைகள். இளையவனுக்கு ஒன்பது வயதில் தொடங்கினால் இருபத்தொன்றில் முடியும். ஆறு வயதுக் குதிரைக்குப் பதினெட்டாகியிருக்கும். டிரெய்லரை எப்படியும் இரண்டு முறை மாற்றியிருப்பீர்கள். அவர்கள் நாலு மாதத்துக்குள் போன வழி இது. விண்ணப்பம் போடும்போது சோர்ந்துபோக வேண்டாம், நிபந்தனை கடுமையானதல்ல. குதிரை அப்பலூசாவாகவே இருக்க வேண்டும். மேலே உட்காருபவருக்குப் புள்ளி அவசியமில்லை.