அணைத்தும் அணையாத கணினி குறித்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: எழுத்தர், தரைத்தளம்

பெறுநர்: உயர்திரு கணினிப் பிரிவு அலுவலர் அவர்கள், மூன்றாம் மாடி

பொருள்: காலையில் கணினி விழித்தும் நெட்வொர்க் விழிக்காமை

பார்வை: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற தங்கள் வாய்மொழி உத்தரவு, பல தேதிகள்

ஐயா,

தினமும் காலை 9.50-க்குக் கணினியைப் போடுகிறேன். பத்து விநாடியில் திரை வந்துவிடுகிறது. மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். பொதுக் கோப்புகள் இருக்கும் எஸ் டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. அதைச் சட்டைசெய்யாமல் சொடுக்கினால் சில நாள் திறக்கும், சில நாள் திறக்காது. வருகைப் பதிவும் நெட்வொர்க் வழியாகத்தான் என்பதால், பதிவேட்டின்படி நான் 10.12-க்கு வருகிறவன். மூன்று தாமதத்துக்கு அரை நாள் தற்செயல் விடுப்பு போகிறது.

தங்கள் உத்தரவை நான் மீறியதில்லை. மாலையில் 'ஷட் டவுன்', காலையில் 'ஆன்'. சென்ற வாரம் டாஸ்க் மேனேஜரில் 'அப் டைம்' என்ற இடத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். 23 நாள் என்றிருந்தது. நடுவில் மூன்று ஞாயிறு, ஒரு பண்டிகை. சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். கணினியோ விடாமல் பணியில் இருந்திருக்கிறது. அதற்கு ஈட்டிய விடுப்பு உண்டா என்று நிர்வாகப் பிரிவைக் கேட்டிருக்கிறேன்.

விசாரித்ததில், 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' செய்யும் வேலை என்றார்கள். ஷட் டவுன் கொடுத்தால் நம்மை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு, கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையை ஒரு கோப்பில் சுருட்டி வைத்துக்கொள்ளும். காலையில் அதே பாயை விரிக்கும். நெட்வொர்க் டிரைவர் நேற்று கோணலாக இருந்தால் இன்றும் அதே கோணல். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆக, இத்தனை ஆண்டுகளாகத் தாங்கள் சொல்லிவந்த வைத்தியத்தில் மருந்தே இல்லை.

ஹார்ட் டிஸ்க் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. கணினியைப் போட்டு, டீ குடித்துவிட்டு வந்தால்தான் திரை வரும். அதற்குள் தங்கள் மாடியில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சும் ஆற அமரத் தயாராகியிருக்கும். பிறகு எஸ்எஸ்டி மாட்டிக் கொடுத்தீர்கள். மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு முன்பே வந்து நிற்கிறார், மண்டபம்தான் பூட்டியிருக்கிறது.

அந்த சுவிட்சுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கேபிள்கள் சுற்றி வளையமாகிவிடாமல் காக்க, 1985-இல் ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் வகுத்தது ஸ்பேனிங் ட்ரீ. அதன் பழைய முறைப்படி, போர்ட்டில் புதிதாக யார் வந்தாலும் சுவிட்ச் 15 விநாடி காதுகொடுத்துக் கேட்கும், இன்னொரு 15 விநாடி கற்றுக்கொள்ளும், பிறகே வழிவிடும். (அம்மையார் மேல் எனக்கு வருத்தமில்லை. வளையம் விழுந்தால் மொத்த அலுவலகமும் படுத்துவிடும்.) அந்த 30 விநாடியில் என் கணினி, டிஹெச்சிபியிடம் ஒரு முகவரி கேட்டுக் கேட்டுப் பார்க்கிறது. பதில் வராத நாளில் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே எழுதிக்கொள்கிறது. பட்டா கிடைக்காதவன் புறம்போக்கில் கொட்டகை போட்ட கதை. அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மறுபடி மனுப் போடும்.

கேட்பது பெரிதல்ல. கணினி மாட்டிய போர்ட்டுகளில் இந்தக் காத்திருப்பை நீக்க 'போர்ட்ஃபாஸ்ட்' என்று ஒன்று உண்டாம். நெட்வொர்க் வரும்வரை லாகினை நிறுத்திவைக்க குரூப் பாலிசியில் ஒரு வரி போதுமாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நீக்கும் கட்டத்தை பவர் ஆப்ஷன்ஸில் நானே தேடிப் பிடித்துவிட்டேன். மங்கலாக இருக்கிறது, தொட்டால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிறது. பாஸ்வேர்ட் தங்களிடம். தாங்கள் மூன்றாம் மாடியில். லிஃப்ட் பழுது, ஆனால் அது வேறு பிரிவு.

அதுவரை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்து வருகிறேன். அப்போது கணினி மெய்யாகவே அணைகிறது. பக்கத்து மேசை அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். முன்னனுமதி பெறாமல் செய்ததற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
169.254-இல் குடியிருப்பவன்

இணைப்பு: வந்தவுடன் அனுப்பிவைக்கப்படும்.