பெட்டிக்குள் பை: வாசகர் கேள்வி–பதில்

பயணத்துக்கு ஜிப் வைத்த துணிப் பைகளை வீட்டிலேயே தைப்பது பற்றி, புதுக்கோட்டை மாவட்டத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

பொன்னமராவதி வாசகர்: பெட்டியே ஒரு பைதானே? அதற்குள் இன்னும் நாலு பை எதற்கு?

சபரிமலைக்குப் போகிறவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இருமுடியில் நெய்த்தேங்காயும் பூஜைப் பொருளும் முன்முடியில் இருக்கும். வழிக்கு வேண்டியது பின்முடியில். ஒன்று இன்னொன்றோடு கலக்காது, இருட்டில் கை விட்டாலும் தேடியது கிடைக்கும். ஜிப் பை செய்வதும் அந்த வேலைதான். ஒரே ஒரு பனியனுக்காகப் பெட்டி முழுவதையும் லாட்ஜ் கட்டிலில் கொட்ட வேண்டியதில்லை. துவைத்தது ஒரு பையில், துவைக்க வேண்டியது வேறொன்றில் என்று பிரித்து வைத்தால், ஊர் திரும்பிய மறுநாள் காலை நீங்களே எங்களுக்கு நன்றி எழுதுவீர்கள்.

ஆலங்குடி வாசகி: எனக்கு ரவிக்கை தைக்க மட்டும்தான் தெரியும். ஜிப் பை தைக்க வருமா?

கைக்குழியில் சுருக்கம் விழாமல் கை பொருத்தத் தெரிந்தவருக்கு நாலு நேர்க்கோடு எம்மாத்திரம்! இன்றைக்கே உட்காருங்கள்.

42 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத்தில் ஒரே துண்டாகத் துணி வெட்டுங்கள். 42 செ.மீ. ஜிப் வேண்டும். ரோலிலிருந்து வெட்டி வாங்கினால் ரன்னரைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துணியின் நல்ல பக்கமும் ஜிப்பின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி, 42 செ.மீ. உள்ள ஓரத்தில் வைத்துத் தையுங்கள். பிறகு துணியைத் திருப்பி, மேலே ஒரு ஓரத்தையல் போடுங்கள். இந்த மேல்தையலைச் சோம்பலில் விட்டுவிட்டால் துணி ரன்னரில் போய் மாட்டிக்கொள்ளும். எதிர் ஓரத்தையும் இதேபோல ஜிப்பின் மறுபக்கத்தோடு இணைத்தால் துணி ஒரு குழாயாக வந்துவிடும். ரன்னரை ஏற்றுங்கள்.

இப்போது குழாயை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஜிப் மேலே நடுவில் இருக்கும்படி தட்டையாக வையுங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும்: ஜிப்பைப் பாதி திறந்துவிட்டுத்தான் பக்கவாட்டைத் தைக்க வேண்டும். மூடி வைத்துத் தைத்தால் பையைத் திருப்ப வழியே இருக்காது, முழுவதையும் பிரிக்கத்தான் வேண்டும். இரண்டு பக்கத்தையும் 1 செ.மீ. விட்டுத் தையுங்கள்.

மூலைகள்தான் பைக்கு உயரம் தருபவை. ஒரு மூலையைப் பிடித்து இழுத்து, பக்கத்தையல் நடுவில் வருமாறு அமுக்கினால் அது முக்கோணமாக நிற்கும். தையல் முடியும் நுனியிலிருந்து 5 செ.மீ. உள்ளே, குறுக்களவு சரியாக 10 செ.மீ. வரும் இடத்தில், சாக்பீஸால் கோடு போட்டுத் தையுங்கள். 1 செ.மீ. விட்டு மிச்சத்தை நறுக்குங்கள். நாலு மூலைக்கும் இதே வேலை. பிசிறு உதிரும் ஓரங்களுக்கு நாடா வைத்துக் கட்டுங்கள். திறந்த ஜிப் வழியாகத் திருப்பினால் 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரத்தில் பை கையில் இருக்கும். 55×35×25 செ.மீ. அளவுள்ள கைப்பெட்டியில் கீழே இரண்டு, மேலே இரண்டு என நாலு பை அடங்கும். ஓரத்தில் செருப்புக்கும் இடம் இருக்கும்.

வேறு அளவு வேண்டுமானால் கணக்கு எளிது. பையின் நீளத்தோடு உயரத்தைக் கூட்டி, தையலுக்கு 2 செ.மீ. சேர்த்தால் துணியின் அகலம். பையின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் துணியின் நீளம்.

கீரனூர் வாசகர்: கடையில் ஜிப் கேட்டால் "எத்தனை நம்பர்?" என்கிறார்கள். அது என்ன நம்பர்?

மூடிய பல்வரிசையின் அகலம், ஏறத்தாழ மில்லிமீட்டரில். 3 என்பது உடுப்புக்குப் போடும் மெல்லியது. நம் பைக்கு 5 கேளுங்கள். நைலான் சுருள் ஜிப்பாக இருக்கட்டும், அதன்மேல் மெஷின் ஊசி தாராளமாக ஏறும். உலோகப் பல் உள்ளதன் குறுக்கே தைத்தால் ஊசி முறியும்.

இந்தச் சின்னப் பொருள் உருப்பட எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? அமெரிக்காவில் விட்கம் ஜட்சன் 1893இல் காப்புரிமை வாங்கினார். அவருடைய ஜிப் அடிக்கடி தானாகத் திறந்துகொண்டது. ஸ்வீடனில் பிறந்த கிதியோன் சுண்ட்பேக் பற்களை நெருக்கி அமைத்து, 1913இல்தான் நம்பத் தகுந்த ஒன்றைக் கொண்டுவந்தார். 'ஜிப்பர்' என்ற பெயரை 1923இல் ஒரு ரப்பர் நிறுவனம் தன் காலணிக்கு வைத்தது. ஆக, இரண்டு முறை பிரித்துத் தைக்க நேர்ந்தால் மனம் தளர வேண்டாம். ஜட்சனுக்கும் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் 20 வருஷம் ஆனது.

கந்தர்வகோட்டை வாசகி: பழைய பட்டுப்புடவையில் தைக்கலாமா?

மனசு வந்தால் தைக்கலாம், ஆனால் பட்டு வழுக்கும், இழை பிரியும். உள்ளே லைனிங் கொடுங்கள்.

எங்களைக் கேட்டால் குடைத்துணிதான் முதல் சாய்ஸ். எடை இல்லை, நனைந்தாலும் சீக்கிரம் உலரும். காடாத்துணி மலிவு, ஆனால் வெட்டும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் ஜிப் பாம்புபோல நெளியும். மேல்பக்கம் கொசுவலை வைத்துத் தைத்தால் உள்ளே இருப்பது தெரியும், ஈரவாடையும் தங்காது. நம் பக்கத்துக் கரூர் கொசுவலைக்குப் பேர்போன ஊர். தைத்து மிஞ்சிய துண்டுவலையே இதற்குப் போதும். ஃபிளக்ஸ் பேனர் மட்டும் வேண்டாம். கனமும் விறைப்பும் ஜாஸ்தி.

இலுப்பூர் வாசகர்: ஜிப்பை மூடிய பிறகும் ரன்னருக்குப் பின்னால் பிளந்துகொள்கிறதே?

பல் மேல் பழி போடாதீர்கள், பெரும்பாலும் ரன்னரின் வாய்தான் விரிந்திருக்கும். குறடால் இரண்டு ஓரத்தையும் மெதுவாக அழுத்துங்கள். இறுகி ஓடாத ஜிப்புக்கு மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும்.

கோட்டைப்பட்டினம் வாசகி: மகன் முதல்முறையாகச் சிங்கப்பூர் போகிறான். எதை எந்தப் பையில் வைப்பது?

நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் அம்மா. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பது நம் மாவட்டத்துக்குக் கிடைத்த பெரிய வசதி. ஆனால் அங்கே போய்ப் பெட்டியைத் தரையில் பிரித்துப் போட்டு அடுக்குவது பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும். வீட்டிலேயே பிரித்து வையுங்கள்.

கையில் எடுத்துப்போகும் பெட்டிக்குப் பொதுவாக 7 கிலோ. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. தைலம், ஷாம்பு போன்றவை கைப்பையில் போவதானால் ஒவ்வொன்றும் 100 மி.லி.க்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் பைக்குள் இருக்க வேண்டும். ஊறுகாயை செக்-இன் பெட்டியில், இறுக மூடி, தனி ஜிப் பைக்குள் வையுங்கள். நம் தோப்புக் கொப்பரையை ஆசையாகக் கொடுத்தனுப்ப நினைத்திருந்தால் வேண்டாம். எண்ணெய் நிறைந்த அது எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் விமானத்தில் அனுமதிப்பதில்லை. பாஸ்போர்ட்டுக்கு மட்டும் பளிச்சென்ற சிவப்பில் ஒரு சின்னப் பை தைத்துக் கொடுங்கள், அது தட்டுப்படாமல் போகாது.

திருமயம் வாசகர்: கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறதே?

கிடைக்கிறது. உங்கள் பெட்டியின் அளவுக்குக் கிடைக்கிறதா? ரன்னர் போனால் தூக்கி எறியாமல் மாற்றிப் போடத் தெரியுமா? தைத்தவருக்கு இரண்டுக்கும் விடை கையிலேயே இருக்கிறது.

விராலிமலை வாசகர்: வீட்டுப் பெண்களுக்கு எதற்கு ஐயா இத்தனை பயணப் பை? வருஷத்தில் எத்தனை தடவை வெளியூர் போகிறார்கள்?

குறைவாகத்தான் போகிறார்கள். அதுதான் எங்கள் வருத்தம்.

நீங்கள் இருப்பது எந்த மாவட்டம் என்று யோசியுங்கள். 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் தெருவில் மிதித்துப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பிள்ளையைக் குறுக்குக் கம்பியில் உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி நாடே படித்தது. அதற்கும் முன்னால், 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, சென்னைக்குப் போய் மருத்துவம் படித்து 1912இல் டாக்டராக வெளியே வந்தார். அன்று ஒரு பெண் பெட்டி கட்டிக் கிளம்பியதன் பலனை இன்றைக்கும் தமிழ்நாடு அனுபவிக்கிறது.

2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. டிக்கெட் பிரச்சினை அந்த அளவுக்காவது தீர்ந்தது. ஊராருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் மெஷின் நம் ஒவ்வொரு தெருவிலும் ஓடுகிறது. அந்த மெஷினுக்குச் சொந்தக்காரி சித்தன்னவாசலை எத்தனை முறை பார்த்திருக்கிறார், கன்னியாகுமரி போயிருக்கிறாரா என்று உங்கள் வீட்டிலேயே கேளுங்கள். பை தைக்கச் சொல்வதற்கு முன் அவருக்கு ஒரு டிக்கெட் எடுங்கள்.

அறந்தாங்கி வாசகி: தைத்து விற்கலாமா? மெஷின் வாங்க வசதி இல்லை.

தாராளமாக விற்கலாம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. துணிப்பைக்கு மரியாதை திரும்பியிருக்கிற காலம் இது. மெஷினுக்கு, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. கணவரை இழந்தோர், கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கானது. தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கறம்பக்குடி வாசகி: முதல் பையை யாருக்குத் தைக்கலாம்?

உங்களுக்கு. உங்கள் சேலையை மடித்து, அந்த அளவுக்கு வெட்டுங்கள். தைத்து முடித்ததும் எங்களுக்கு எழுதுங்கள், எந்த ஊருக்குக் கிளம்புகிறீர்கள் என்பதையும் சேர்த்து.