காப்பி பெண்பால், டீ ஆண்பால்

செம்பூரில் 31 வருஷமாகக் குடியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த மராத்தி 'நக்கோ' (வேண்டாம்) ஒன்றுதான். மிச்சத்தையெல்லாம் பம்பாய் இந்தியை வைத்தே ஒப்பேற்றிவிட்டேன். 2024 அக்டோபரில் மராத்திக்குச் செம்மொழி அந்தஸ்து கிடைத்தது. தமிழுக்கு 2004லேயே வந்தாயிற்று. இருபது வருஷ சீனியர் என்ற மிதப்பில் பேப்பரை மடித்தேன். "அது செம்மொழியே ஆயிடுத்து, நீங்க இன்னும் நக்கோவைத் தாண்டலை" என்றாள் மனைவி.

ரோஷத்தில் இணையத்தில் வாத்தியார் தேடினேன். வரிசையாக முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே கட்டணம். 'தாய்மொழி மராத்தி' என்றால் விலை கூடுதல். மாம்பழத்தையே தேவ்கட் ஆப்பூஸ்தானா என்று முகர்ந்து பார்த்து வாங்குகிற ஊர் இது. மொழியில் மட்டும் கலப்படம் வாங்குவேனா? புனேக்காரர் ஒருவரைப் பிடித்தேன்.

தங்கமான மனிதர். உச்சரிப்பு வெண்கல மணி. மூன்றாவது வகுப்பில் வந்தது வினை. மராத்தியில் டீ ஆண்பால், காப்பி பெண்பால், வீடு இரண்டிலும் சேர்த்தியில்லை. "ஏன் சார்?" என்றேன். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "அஸட்ஸ் அஸ்த" என்றார். 'அது அப்படித்தான்' என்று அர்த்தம். எனக்கு முழுசாகப் புரிந்த முதல் மராத்தி வாக்கியம்.

தமிழ் எழுத்து கொஞ்சம் பழகியிருந்தவர், ஒருநாள் திருப்பிக் கேட்டார்: "சட்டை, பச்சை, பஞ்சு. ஒரே எழுத்துக்கு மூன்று சத்தம். ஏன்?" இந்த முறை கண்ணாடி துடைத்தது நான்.

அடுத்த மாதம் பாதிக் கட்டணத்துக்கு ஒரு பெண் கிடைத்தாள். தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் வீடு, பூர்வீகம் திருநெல்வேலி. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, மராத்தியோடு முட்டி மோதித் தேறியவள். "'நாம'ன்னா ஆபண், 'நாங்க'ன்னா ஆம்ஹி. இந்திக்காரன் ரெண்டுக்கும் ஒரே 'ஹம்'மை வச்சுக்கிட்டு தவிக்கான். நமக்கென்ன அங்கிள்?" என்றாள். புனேக்காரர் இரண்டு வகுப்பு விளக்கியும் விளங்காதது! காப்பி விவகாரத்தையும் கேட்டேன். "காரணம் தேடாதீங்க. தோ சஹா, தீ காஃபி, தே கர்னு சேத்தே நெட்டுரு போடுங்க. எட்டாங்கிளாஸ்ல நான் இதுலதான் பெயிலு." இவள் விழாத பள்ளம் மராத்தியில் இல்லை போலிருக்கிறது, எந்த இடத்தில் நான் விழுவேன் என்று தெரிந்து முன்கூட்டியே கையை நீட்டிவிடுவாள்.

வீரமாமுனிவரை நினைத்துக்கொண்டேன். இத்தாலியிலிருந்து வந்து பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதி, 1732இல் சதுரகராதியையும் தந்தவர். அந்த இணையதளத்தில் அவர் படம் வந்திருந்தால், 'தாய்மொழி: இத்தாலியம்' என்பதைப் பார்த்ததுமே விரலால் ஒதுக்கித் தள்ளியிருப்பேன்.

ஆறு மாதத்தில் தைரியம் வந்து மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனேன். கீரைக்காரர் சத்தாரா பக்கத்து ஆள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோத்திம்பீர் கஷி திலி?" என்றேன். கொத்தமல்லி என்ன விலை என்று கேட்டதில் பெண்பால் பிசகவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பத்து ரூபா மாமா. கறிவேப்பிலை சும்மாத் தரேன்" என்றார், அசல் பாலக்காட்டு ராகத்தில்.