மார்க் போடும் மாமா

செரண்டாவில் தெருவுக்கு ஒரு மாமா இப்படி உண்டு. ஒரு காலத்தில் தோட்டத்துக் கிராணி, இப்போது பிள்ளைகள் செலவில் உலகச் சுற்றுலா. "பாரிஸ் எப்படி மாமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஐஃபில் கோபுரத்தைப் பற்றி ஒரு சொல் வராது. தே தாரிக்கை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "பேப்பர்தான்லா இருக்கு, தண்ணி இல்லே" என்பார். பாரிஸ் பெயில்!

அவரைக் குறை சொல்ல முடியாது. லயத்துக்குப் பின்னால் இருந்த வாளிக் கக்கூசில் விடியுமுன் இடம் பிடித்துவிட்டு, பெரட்டுக்கு ஓடிய தலைமுறை. இன்று பஸ் நிலையத்தில் 20 காசோ 30 காசோ கொடுத்தால் தரை முழுக்க ஈரம், சுவரில் ரப்பர் குழாய். அந்தக் குழாயைத்தான் நாகரிகம் என்கிறார் மாமா. எனக்கும் அதில் மறுப்பில்லை.

ஜெர்மன் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் 2022 கடைசியில் கக்கூஸ் கட்டணம் 70 சென்டிலிருந்து 1 யூரோவாக ஏறியது. கிட்டத்தட்ட 5 வெள்ளி. வாசலிலேயே மனத்துக்குள் கணக்குப் போட்ட மாமா, "இன்னும் அவ்வளவு அவசரமில்லே" என்று பஸ்ஸில் ஏறிவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் அவசரம் வந்தது, விலை அதேதான். கட்டணத்துக்கு ஈடாகத் தந்த கூப்பனைக் கடையில் மாற்றாமல் பர்சில் வைத்திருக்கிறார், சாட்சிக்கு.

ஜப்பானில்தான் மாமா அடங்கிப்போனார். அங்கே தண்ணீர் பீய்ச்சும் இருக்கையை 1960களிலேயே விற்கத் தொடங்கிவிட்டார்கள். இருக்கையில் இளஞ்சூடு, பக்கத்தில் பொத்தான் வரிசை. கண்ணாடியை மறந்துவிட்டுப் போனவர் கைக்குக் கிடைத்ததை அமுக்கினார். சலசலவென்று ஆறு ஓடும் சத்தம். காத்திருந்தார். மறுபடியும் அமுக்கினார். கதவுக்கு வெளியே நின்ற மகனுக்கு உள்ளிருந்து குரல் வந்தது: "டேய் தம்பி, சத்தம் வருது, தண்ணி வரலியே!" கூச்சப்படுபவர்கள் தம் சத்தத்தை மறைத்துக்கொள்ள வைத்த பொத்தான் அது. மாமாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அடுத்து இத்தாலியாம். அங்கே வீட்டுக்கு வீடு கழுவும் தொட்டி இருக்கவேண்டும் என்று 1975இல் அரசாணையே போட்டிருக்கிறார்கள் என யாரோ காதில் ஓதிவிட்டார்கள். போகாமலே நூற்றுக்கு நூறு கொடுத்துவிட்டார். அந்த ஆணை வீடுகளுக்கு மட்டும்தான், ரோமாபுரி ரயில் நிலையத்துக்கு இல்லை என்று செரண்டாவில் யாரும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம், டிக்கெட் எடுத்தாயிற்று.